கிணற்று நீருக்கும் விலை உண்டு

இலங்கையில் பாசன நீர் இலவசம் என்றொரு எண்ணம் நிலவுகிறது. பெருங்குளங்களிலிருந்தும் மகாவலியிலிருந்தும் நீர் பெறும் கமக்காரரைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் உண்மையே. வாய்க்கால் பராமரிப்புக்கெனக் கட்டணம் அறவிட 1980களில் அரசு எடுத்த முயற்சி தோல்வியில் முடிந்தது. ஆனால், வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டின் தோட்டக்காரருக்கு அந்தச் சலுகை ஒருநாளும் கிட்டியதில்லை. ஒவ்வொரு துளி நீரையும் அவர் தமது செலவிலேயே கிணற்றிலிருந்து மேலே கொண்டுவர வேண்டும்.

ஒரு காலத்தில் அச்செலவு உடலுழைப்பாக இருந்தது. துலா மிதிக்கவும், பட்டை பிடிக்கவும், பாத்திகளுக்கு நீர் மாறவும் ஆட்கள் வேண்டும். பின்னர் இறைப்பு இயந்திரம் வந்தது. உழைப்புக் குறைந்தது, எண்ணெய்ச் செலவு கூடியது. 1990களின் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெய் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. 2022 ஓகஸ்ற் மாதத்திலோ, லீற்றர் 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெயின் விலை ஒரே அறிவிப்பில் 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. வலிகாமத்துச் செம்மண் நீரை நெடுநாள் பிடித்து வைத்திராது. அடிக்கடி இறைக்காவிட்டால் வெங்காயமும் மிளகாயும் வாடிவிடும். சந்தையில் விலை வீழ்ந்தாலும் இறைப்புச் செலவு வீழ்வதில்லை.

அப்படியாயின் மலிவான எரிபொருளும் சூரியசக்திப் பம்பிகளும் வழங்கினால் போதுமா? போதாது என்பதே எனது கருத்து. குடாநாட்டின் நன்னீர், சுண்ணாம்புக்கற் பாறைகளுக்குள் உவர்நீரின்மேல் மிதக்கும் மெல்லிய படை. மாரி மழையே அதற்கு ஒரே வரவு. வரவை மிஞ்சி இறைத்தால் கீழிருக்கும் உவர்நீர் மேலேறும். போதாக்குறைக்கு, அளவுக்கு மீறி இடப்படும் பசளையின் நைத்திரேற்று அதே கிணறுகளில்தான் கலக்கிறது. இறைப்பதை மட்டும் இலகுவாக்குவது, இன்றைய செலவைப் பிள்ளைகளின் தலையில் சுமத்துவதற்கு ஒப்பாகும்.

வெளியிலிருந்து நீர் கொண்டுவருவதும் எளிதன்று. இரணைமடு நீரைக் குடிநீருக்காக யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுசெல்லும் திட்டத்தைக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தனர். தமது வயல் காய்ந்துவிடும் என்ற அவர்களது அச்சத்தைச் சுயநலம் என்று தள்ளிவிட முடியாது. ஆகவே, விழும் மழையைத் தேக்கி வைப்பதே முதல் வேலை. தூர்ந்துபோன குளங்களை ஆழமாக்க வேண்டும். கடல்நீரேரிகளின் தடுப்பணைகளைப் பேண வேண்டும். ஆனையிறவு நீரேரியை நன்னீராக்கி, அந்நீரை வடமராட்சி நீரேரிக்குக் கொண்டுவரும் திட்டத்தைப் பொறியியலாளர் ஆறுமுகம் 1954இல் முன்வைத்தார். அது இன்றும் முழுமையடையவில்லை.

மகாவலியின் அணைகளுக்குப் பொதுப்பணம் செலவிடப்பட்டபோது, அச்செலவு முழுவதும் கமக்காரரிடமிருந்து அறவிடப்படவில்லை. குடாநாட்டின் குளங்களுக்கும் தடுப்பணைகளுக்கும் சொட்டுநீர்ப் பாசனத்துக்கும் அதே நியாயத்தைக் கோருவது பிச்சை கேட்பதாகாது. அதே வேளை, தமது கிணறு ஊர் முழுவதற்கும் பொதுவான நிலத்தடி நீரிலிருந்தே ஊறுகிறது என்பதைத் தோட்டக்காரரும் ஏற்றாக வேண்டும். இவ்விரண்டில் ஒன்று தவறினாலும், கிணறுகள் இருக்கும். இறைப்பதற்கு நன்னீர் இராது.