லாரிக்கு எப்.சி. உண்டு... பைக்குக்கு 15 வருஷம் கேள்வியே இல்லை! உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் எண்ணூர் தொழிலாளர் வண்டிகள்

எண்ணூர்:

காலை ஷிப்டு நேரம். எண்ணூர் விரைவு சாலையில் 40 அடி கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. அந்த வரிசைக்கும் ரோட்டு ஓரத்துக்கும் நடுவில் இருக்கிற கொஞ்ச இடத்தில் புகுந்து போகிறவை எல்லாம் மோட்டார் சைக்கிள்கள். டிபன் கேரியர், பின்னால் ஒரு ஆள், சில வண்டிகளில் குழந்தையின் ஸ்கூல் பை வேறு.

இதில் ஒரு வேடிக்கை. பக்கத்தில் நிற்கிற டிரெய்லர் லாரியை அரசாங்கம் சும்மா விடுவதில்லை. புது லாரி என்றால் 2 வருஷத்துக்கு ஒரு முறை, 8 வருஷம் தாண்டினால் வருஷா வருஷம் எப்.சி.க்கு நிறுத்தியே ஆகவேண்டும். ஆட்டோவுக்கும் அதே கதிதான். ஆனால் சொந்த உபயோகத்துக்கு வாங்கிய பைக்கை, வாங்கின நாளில் இருந்து 15 வருஷம் வரை பிரேக் பிடிக்கிறதா, லைட் எரிகிறதா என்று எந்த அதிகாரியும் கேட்பதில்லை.

மோட்டார் வாகன சட்டத்தில் சொந்த வண்டிக்கு ஆர்.சி. 15 வருஷம் செல்லும். அதன் பிறகு ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியைக் காட்டி, 5 வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். சட்டம் போட்டவர்களுக்கு எல்லா ஊரும் ஒண்ணுதான். எண்ணூர் காற்றில் 15 வருஷம் என்பது ஒரு பைக்குக்கு ரொம்ப ரொம்ப அதிகம்.

புகையை மட்டும் பார்ப்பார்கள்

நடுவில் ஒரே ஒரு சோதனை உண்டு. அது புகை சோதனை. 2017-க்கு முந்தைய பி.எஸ்.3, அதற்கும் பழைய வண்டி என்றால் 6 மாதத்துக்கு ஒரு முறை, பி.எஸ்.4, பி.எஸ்.6 வண்டி என்றால் வருஷத்துக்கு ஒரு முறை. சைலன்சரில் குழாயை விட்டு, கார்பன் மோனாக்சைடு அளவைப் பார்க்கிறார்கள். 2000-க்குப் பிறகு வந்த பழைய போர் ஸ்ட்ரோக் வண்டிக்கு 3.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். இருந்தால் சர்டிபிகேட் கையில்.

அந்த வண்டியில் பிரேக் லைட் செத்துப் போயிருக்கலாம். பின் டயர் வழுக்கையாக இருக்கலாம். அதைப் பார்ப்பது புகை சோதனைக்காரர் வேலை இல்லை. சர்டிபிகேட் வாங்கியவரோ, வண்டியே பாஸ் ஆகிவிட்டது என்று நினைத்துக் கொள்கிறார். அங்கேதான் வினை ஆரம்பம்.

உப்பு எப்படி அரிக்கிறது?

எர்ணாவூர், கத்திவாக்கம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம்... எந்தத் தெருவுக்குப் போனாலும் கடல் கூப்பிடு தூரம். ராத்திரி வாசலில் நிறுத்திய வண்டியின் சீட்டை காலையில் தடவினால் கை பிசுபிசுக்கும். அது உப்பு. அந்த ஈரமும் உப்பும் சேர்ந்து முதலில் கை வைப்பது ஒயரிங்கில்.

இன்டிகேட்டர் பல்பு மாட்டுகிற ஹோல்டரைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே பச்சை பூத்திருக்கும். எர்த் ஒயர் பிடித்திருக்கிற போல்ட் துருப்பிடித்திருக்கும். பல்பு புதுசாகத்தான் இருக்கும், ஆனால் எரியாது. பல்பு போச்சு என்று நினைத்து மாற்றுவார்கள். மறுபடி எரியாது. அப்புறம் அலுத்துப்போய் விட்டுவிடுவார்கள். பிரேக் மிதிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பிரிங்கோடு தொங்குகிற சின்ன ஸ்விட்ச் இருக்கிறதே, அதுதான் பின்னால் சிவப்பு விளக்கை எரியவைப்பது. உப்புத் தண்ணீர் பட்டால் அதுவும் இறுகிப்போகும்.

இதில் கொடுமை என்ன என்றால், ஹெட்லைட் போனால் ஓட்டுகிறவருக்குத் தெரியும். பிரேக் லைட் போனால் அவருக்குத் தெரியவே தெரியாது. பின்னால் வருகிறவருக்குத்தான் தெரியும். இந்த ரோட்டில் பின்னால் வருவது பெரும்பாலும் கன்டெய்னர் லாரி.

அடுத்தது சைலன்சர். வெளியே கருப்பு பெயின்ட் நன்றாக இருக்கும், அடியில் ஓட்டை. அதற்கடுத்து பிரேக் கேபிள். ரப்பர் உறைக்குள் கம்பி துருப்பிடித்து, மிதித்தால் திரும்பி வராமல் பிடித்துக் கொள்ளும். அல்லது ஒருநாள் அறுந்தே போகும்.

காசிமேட்டில் இருந்து மீன் ஏற்றி வருகிற டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டிகள் பாவம். பெட்டியில் ஐஸ் உருகி, உப்புத் தண்ணீர் நேராகப் பின் சக்கரத்தில்தான் சொட்டுகிறது. ரிம், ஸ்போக்ஸ், பிரேக் டிரம் எல்லாம் தினமும் கடலில் குளிப்பது மாதிரி. மற்றவர் வண்டியில் பல வருஷம் உழைக்கிற ஸ்போக்ஸ், மீன் வண்டியில் அந்த அளவு தாங்காது. பெட்டிக்கு அடியில் ஒரு தகரம் அடித்து, தண்ணீரைப் பக்கவாட்டில் இறக்கிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

சாம்பல், பள்ளம், வெள்ளம்

எண்ணூர் அனல் மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் அத்திப்பட்டில் வடசென்னை அனல் மின் நிலையம் ஓடுகிறது. சாம்பல் லாரி, நிலக்கரி தூசு எதுவும் குறையவில்லை. அந்தத் தூசு ஏர் பில்டரை அடைத்தால் பெட்ரோல் அதிகமாக எரிந்து புகை கக்கும், மைலேஜ் விழும். செயினில் போட்ட ஆயிலோடு சேர்ந்தால் அரம் மாதிரி ராவும். செயின் தளர்ந்து தொங்குகிற வண்டிகள் இந்தப் பக்கம் அதிகம் என்றால் காரணம் இதுதான்.

பள்ளம் பற்றி சொல்லவே வேண்டாம். லாரி சக்கரம் பதிந்த குழியில் தினமும் இறங்கி ஏறினால், ஹேண்டில்பாருக்குக் கீழே இருக்கிற கோன் செட் தேயும். வண்டியை நேராகப் பிடித்தாலும் ஹேண்டில் ஒரு இடத்தில் 'டக்' என்று நிற்கும். போர்க் ஆயில் சீல் போய், முன் ஷாக்கில் எண்ணெய் வழியும். வழிகிற எண்ணெய் டிஸ்க் பிரேக்கில் பட்டால், பிரேக் வழுக்கும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் கலந்து எர்ணாவூர், எண்ணூர் கழிமுகம் பக்கம் பரவியது ஊருக்கே தெரியும். வெள்ளத்தில் நின்ற வண்டியை அப்படியே கிக்கர் உதைத்து ஸ்டார்ட் செய்யக்கூடாது. என்ஜினுக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டன் ராடு வளைந்துவிடும். பிளக்கைக் கழற்றி, தண்ணீரை வெளியேற்றி, என்ஜின் ஆயிலை மாற்றி, சக்கரத்தைப் பிரித்து பிரேக் ஷூவைத் துடைத்த பிறகுதான் எடுக்க வேண்டும்.

இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வேறு. பழைய வண்டிகளில் 20 ஆயிரம், 30 ஆயிரம் கிலோ மீட்டர் ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டி வரலாம் என்று 2025 ஆகஸ்டில் மத்திய பெட்ரோலிய அமைச்சகமே சொல்லிவிட்டது. கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்கள் பெட்ரோல் டியூப்பை அடிக்கடி ஒரு பார்வை பார்ப்பது நல்லது.

வெளிநாட்டில் எப்படி?

இந்த ஊர் ஆட்கள் எத்தனையோ பேர் வேலைக்குப் போயிருக்கிற சிங்கப்பூரில், பைக்குக்கு 3 வயது தாண்டினால் வருஷா வருஷம் சோதனை கட்டாயம். பிரிட்டனிலும் அதே 3 வருஷக் கணக்கு, அங்கே அதற்கு எம்.ஓ.டி. என்று பெயர். அந்த சோதனையில் பைக்குகள் அதிகமாக மாட்டிக்கொள்வது என்ஜின் கோளாறில் இல்லை. முதல் இடம் விளக்குக்குத்தான். அப்புறம்தான் பிரேக், டயர், ஷாக் அப்சார்பர் எல்லாம்.

என்ஜினை நாமே கவனிக்கிறோம். ஓடாவிட்டால் வேலைக்குப் போக முடியாதே. ஓடிக்கொண்டே கெடுகிற சாமான்களைத்தான் விட்டுவிடுகிறோம். எண்ணூரில் மட்டும் கதை வேறாகவா இருக்கும்? 1955-ல் என்ஃபீல்டு இந்தியா கம்பெனி தொடங்கி, பிரிட்டிஷ் புல்லட்டையே திருவொற்றியூரில் செய்துகாட்டிய மண் இது. அந்தக் காலத்துப் புல்லட்டுகள் இன்னமும் ஓடுகின்றன என்றால், இரும்பு நல்ல இரும்பு என்பது மட்டும் காரணம் இல்லை. வைத்திருப்பவர்கள் வாரா வாரம் துடைத்து, ஆயில் போட்டு, பிள்ளை மாதிரி பார்க்கிறார்கள்.

15-வது வருஷம் வரும் அதிர்ச்சி

டி.என்.03 நம்பர் வண்டி ஒன்றை 2010 ஜூனில் ஒருவர் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். 2025 ஜூனில் ஆர்.சி. முடிந்துவிட்டது. அவருக்கு ஞாபகமே இல்லை. வண்டி ஓடுகிறது, அவரும் ஓட்டுகிறார்.

2022 ஏப்ரல் 1-ந் தேதி முதல் பைக் ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணம் 300 ரூபாயில் இருந்து 1,000 ரூபாய் ஆகிவிட்டது. தாமதம் ஆனால் மாதத்துக்கு 300 ரூபாய் கூடுதல் என்றும் மத்திய விதியில் இருக்கிறது. 10 மாதம் கழித்துப் போனால் தாமதத்துக்கு மட்டும் 3,000. அப்புறம் பசுமை வரி, இன்சூரன்ஸ், புகை சர்டிபிகேட் எல்லாம் தனி. 20 வருஷம் தாண்டிய பைக்குக்கு 2025 ஆகஸ்ட் முதல் புதுப்பிக்கும் கட்டணமே 2,000 ரூபாய். தினக்கூலி வாங்குகிறவர் இதைக் கேட்டால் திரும்பி வந்துவிடத்தானே தோன்றும்?

திரும்பி வந்தால்தான் பெரிய நஷ்டம். முறையான பதிவு இல்லாமல் ரோட்டில் ஓடிய வண்டிக்கு ஏற்பட்ட நஷ்டத்தை இன்சூரன்ஸ் கம்பெனி தர மறுக்கலாம் என்று 2014-லும், மறுபடி 2021-லும் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொல்லியிருக்கிறது. பிரீமியம் கட்டியிருந்தும் கை நழுவிப் போகும்.

ஆபீசில் வண்டியை நிறுத்தினால் பார்ப்பது என்ன? ஹாரன், ஹெட்லைட், இன்டிகேட்டர், பிரேக், பிரேக் லைட், கண்ணாடி, நம்பர் பிளேட், டயர், சைலன்சர், பின்னால் உட்காருபவருக்கான கைப்பிடி, சேலை சிக்காமல் இருக்க பக்கவாட்டு கார்டு. பெரும்பாலும் மெக்கானிக் கடையில் அரை நாளில் முடிகிற சமாச்சாரம்.

ஒன்று மட்டும் அரை நாளில் முடியாது. சேசிஸ் நம்பர். பல வண்டிகளில் ஹேண்டில் கழுத்துப் பக்கம் இரும்பில் குத்தியிருக்கும் அந்த எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். எண்ணூர் காற்றில் 15 வருஷம் நின்ற வண்டியில் அந்த இடம் துரு ஏறி எழுத்தே தெரியாமல் போகலாம். எழுத்து தெரியாவிட்டால், வண்டி நம்முடையதுதான் என்று நிரூபிக்க அலைய வேண்டியதுதான். துருவை எடுக்கிறேன் என்று அரம் போட்டு ராவினால் அழித்த மாதிரி ஆகிவிடும், ஜாக்கிரதை. மாதம் ஒரு முறை துணியில் கொஞ்சம் ஆயில் தொட்டு அந்த இடத்தைத் துடைத்து வந்தால் போதும்.

15 வருஷம் ஆனால் வண்டியைக் காயலான் கடையில் போடவேண்டும் என்று ஒரு புரளி ஓடுகிறது. அது டெல்லி சமாச்சாரம். தமிழ்நாட்டில் சொந்த பைக் சோதனையில் தேறினால் 15 என்ன, 25 வருஷமும் ஓட்டலாம். புரளியைச் சொல்லி, நல்ல வண்டியை அடிமாட்டு விலைக்குக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

புகை சோதனையிலேயே முடித்தால் என்ன?

பைக்குக்கும் வருஷா வருஷம் எப்.சி. வைத்துவிட்டால் தீர்ந்ததா? ஆர்.டி.ஓ. ஆபீசில் ஒரு நாள் நின்றால் ஒரு நாள் கூலி போச்சு. புரோக்கருக்குக் கொண்டாட்டம். எண்ணூர் ஆட்களை இன்னொரு வரிசையில் நிறுத்துவது நியாயம் இல்லை.

ஆனால் 6 மாதத்துக்கு ஒரு முறையோ வருஷத்துக்கு ஒரு முறையோ புகை சோதனைக்கு எப்படியும் போகிறார்கள். அங்கேயே பிரேக்கை மிதிக்கச் சொல்லி, பின்னால் சிவப்பு எரிகிறதா என்று பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? டயர் பள்ளத்துக்குள் இருக்கிற தேய்மான அடையாள மேடு வெளியே தெரிகிறதா, ஹேண்டில் ஆடுகிறதா என்று பார்க்க இன்னும் ஒரு நிமிஷம். சர்டிபிகேட்டில் ஒரு வரி சேர்த்து எழுதிக் கொடுத்தால்கூட, வண்டிக்காரர் அன்றைக்கே மெக்கானிக்கிடம் போவார். இதற்குப் புது ஆபீஸ் வேண்டாம், புது மெஷின் வேண்டாம். போக்குவரத்துத் துறை ஒரு உத்தரவு போட்டால் நடக்கும்.

2022-ல் நாடு முழுக்க சாலை விபத்தில் இறந்தவர்கள் 1 லட்சத்து 68 ஆயிரத்து 491 பேர். இதில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். அது மத்திய அரசு வெளியிட்ட கணக்கு. லாரியை வருஷா வருஷம் பார்க்கிற அரசாங்கம், பைக்கை 15 வருஷம் பார்க்காமல் விடுவது ஏன் என்ற கேள்விக்கு அந்தக் கணக்கில் பதில் இல்லை.

உத்தரவு வருகிறவரை, ஆர்.சி. புத்தகத்தில் கடைசித் தேதியை இன்று ராத்திரியே எடுத்துப் பார்த்துவிடலாம். முடிவதற்கு 60 நாள் முன்பே படிவம் 25-ல் விண்ணப்பிக்க வழி இருக்கிறது. பிரேக் லைட்டைப் பார்க்க மெக்கானிக்கும் வேண்டாம். வீட்டுச் சுவருக்கு முன்னால் பின்பக்கமாக வண்டியை நிறுத்தி பிரேக்கை மிதித்தால் சுவரில் சிவப்பு விழும். விழவில்லை என்றால், காலை ஷிப்டுக்குக் கிளம்பும் முன் மெக்கானிக் கடைக்கு ஒரு நடை போகவேண்டியதுதான்.