விலையா? மதிப்பா?
பழைய சமய நூல்களைக் குறித்துச் சில எண்ணங்கள்

ஓதுதலையும் எழுதுகோலையும் முன்னிறுத்தி இறங்கிய முதல் வஹீயைப் போற்றும் சமுதாயம் நம் சமுதாயம். நூலைக் காலடியில் வைக்க ஒப்பாது, வீட்டின் உயர்ந்த இடத்தில் வைத்துக் கண்ணிலொற்றிக் கொள்ளும் வழக்கம் இன்றும் நம்மிடையே உண்டு. ஆயினும் அதே இல்லங்களிலிருந்துதான் பாட்டனார் காலத்து நூல்கள் ஆண்டுதோறும் மண்ணுக்குள்ளும் கடலுக்குள்ளும் பழைய காகிதக் கடையின் தராசுத் தட்டுக்கும் சென்றுகொண்டிருக்கின்றன. நூலைப் போற்றத் தெரிந்த நமக்கு, நூலை இனங்காணத் தெரியவில்லையோ என்னும் ஐயம் எழுகின்றது. அவ்வையத்தைக் கற்றோர் அவையில் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அண்மையில் கடற்கரையூர் ஒன்றில் ஒரு பெரியவரின் இல்லத்திற்கு யாம் சென்றிருந்தோம். பழைய மரப்பெட்டியிலிருந்து தடித்த நூலொன்றைத் துணிப்பொதி அவிழ்த்துக் காட்டினார். முகப்பு ஏடு இல்லை. “முந்நூறு ஆண்டுக் கையெழுத்துப் பிரதி” என்றும், பல இலட்சம் பெறும் என்றும் தரகர் ஒருவர் சொல்லிச் சென்றிருந்தார். உடன் வந்த மௌலவி நண்பர் கடைசி ஏட்டைப் புரட்டினார். எழுதிய காத்திபின் பெயரும், ஹிஜ்ரி 1300 என்னும் ஆண்டும், அவற்றையடுத்து அச்சகத்தைக் குறிக்கும் ‘மத்பஆ’ என்னும் சொல்லும் அங்கிருந்தன. அது கையெழுத்துப் பிரதியன்று. 1882-83இல் கல்லச்சில் வெளிவந்த அரபுத் தமிழ் நூல். தொழுகை, நோன்பு முதலியவற்றின் சட்டங்களை எளிய தமிழில் விளக்குவது.

பெரியவரின் முகம் வாடிற்று. “அப்படியானால் இது வெறும் அச்சுக் காகிதந்தானே தம்பி? ஜும்ஆ முடிந்ததும் கடலில் விட்டுவிடுகிறோம்” என்றார். ஒரு பொய்யான விலை மறைந்த அக்கணத்திலேயே நூலின் மெய்யான மதிப்பும் மறைந்து போனதைக் கண்கூடாகக் கண்டோம். தரகர் உயர்த்திச் சொன்னதும், பெரியவர் தாழ்த்திச் சொன்னதும் ஒரே பிழையின் இரு பக்கங்களே. இருவருமே நூலைப் படிக்கவில்லை.

இனங்காணும் முறை

தரகரின் மயக்கத்திற்குக் காரணம் இல்லாமல் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் செருமனியில் கண்டறியப்பட்டது கல்லச்சு முறை. காத்திப் என்னும் எழுத்தர் கொழுப்புக் கலந்த மையால் எழுதியதைச் சுண்ணக்கல்லின்மீது பதியவைத்து, கல்லை நீரால் நனைத்து மை தடவினால், எழுத்துள்ள இடத்தில் மட்டுமே மை ஒட்டும். ஒன்றோடொன்று இணைந்து செல்லும் அரபு எழுத்துகளை ஈய அச்செழுத்துகளால் கோப்பது அரிதாயிருந்தமையின், கையெழுத்தை அப்படியே தரும் இம்முறை பெரிதும் விரும்பப்பட்டது. கல்லச்சு நூலிலும் “இதனை எழுதியவன் இன்னான்” என்று காத்திபின் பெயர் காணப்படுவது இதனாலேயே. அதைக் கண்டவர் முழு நூலையும் கையெழுத்தென்று கொள்வர்.

உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று போதும். கையெழுத்தாயின் எழுதுகோல் மையில் தோய்ந்த இடத்தில் கருமை மிகுந்தும், மை தீருமிடத்தில் வெளிறியும் தோன்றும். எழுத்தின் ஓரத்தில் கோலின் கீறல் தெரியும். கல்லச்சாயின் கருமை ஏறத்தாழ ஒரு சீராக இருக்கும். தாளும் பேசும். கையாற் செய்த தாளை ஒளிக்கெதிரே பிடித்தால் சல்லடைக் கம்பிகளின் வரிகள் தெரிவதுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெருகிய மரக்கூழ்த் தாளோ பழுத்து, மடித்த இடத்தில் ஒடியும்.

காலத்தைக் கணிப்பதிலும் விழிப்பு வேண்டும். ஹிஜ்ரி ஆண்டு ஏறத்தாழ 354 நாள்களைக் கொண்டதாதலின், அதனுடன் ஒரே எண்ணைக் கூட்டி எக்காலத்துக்கும் ஆங்கில ஆண்டைப் பெறவியலாது. சில நூல்களில் எண்ணே இராது. அரபு எழுத்துகளுக்குரிய அப்ஜத் எண்மதிப்பைக் கூட்டினால் ஆண்டு வருமாறு ஒரு தொடர் அமைந்திருக்கும். தமிழெழுத்தில் அச்சான நூல்களிலோ அறுபதாண்டுச் சுழற்சியின் பெயர் மட்டும் இருத்தலுண்டு. ‘சுபகிருது’ என்றிருந்தால் அது 1842ஆகவும் இருக்கலாம், 1902ஆகவும் இருக்கலாம், 1962ஆகவும் இருக்கலாம். பழைய வடிவிலான ‘லை’, ‘னை’, ‘றா’ முதலிய எழுத்துகளைக் கண்டவுடன் மிகப் பழைய நூலென்று துள்ளுவோரும் உளர். அவ்வடிவங்கள் 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தம் வரையில் நம் பாடநூல்களிலேயே இருந்தவை என்பது ஈண்டு நினையத்தக்கது. மேலும் நூலை இயற்றிய காலம், படியெடுத்த காலம், அச்சேற்றிய காலம் என மூன்று காலங்கள் உண்டு. சீறாப்புராணத்தை ஷெய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் அச்சேற்றியது 1842ஆம் ஆண்டில். உமறுப்புலவர் வாழ்ந்ததோ அதற்கு நெடுங்காலம் முன்னர். ஒன்றை மற்றொன்றாகக் கொள்வது அறியாமை. கொள்ளச் செய்வது வஞ்சனை.

இரு மொழிக்கு இடையில்

அரபுத் தமிழ் நூல்களுக்கு ஒரு தனித் துயரமும் உண்டு. ட, ப, ழ, ள போன்ற தமிழ் ஒலிகளுக்கென அரபு எழுத்துகளிற் சிலவற்றுக்குப் புள்ளியும் குறியும் சேர்த்து அமைந்தது அவ்வெழுத்து முறை. தமிழ் மட்டும் அறிந்தவர் அதனை அரபு நூலென்று ஒதுக்குவர். அரபு மட்டும் அறிந்தவர் பொருள் விளங்காமல் மூடி வைப்பர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) அவர்களைப் போன்ற பேரறிஞர்கள் எழுதிக் குவித்த மொழி இது. நம் பாட்டியர் இல்லத்திலிருந்தே மார்க்கம் பயின்றது இவ்வெழுத்தின் வழியாகத்தான். இதனைத் தங்குதடையின்றி வாசிப்போர் இன்று பெரும்பாலும் முதியோரே. நூல் அழிவதற்கு முன்பே அதனை இனங்காணும் கண் அழிந்துவிடுமோ என்பதே எம் அச்சம்.

மதிப்பிடும் முறை

நூலின் மதிப்பை எங்ஙனம் அறிவது? நமக்கு வெளியே சென்று தேட வேண்டுவதில்லை. ஹதீஸ் கலை வல்லுநர்கள் ஒரு செய்தியை ஏற்குமுன் அதன் மூலபாடத்தையும் ஆராய்ந்தனர். யாரிடமிருந்து யார் கேட்டார் என்னும் அறிவிப்பாளர் தொடரையும் ஆராய்ந்தனர். பழைய நூலுக்கும் இவ்விரண்டுமே அளவுகோல். இதிலுள்ள பாடம் வேறெங்கேனும் கிடைக்கின்றதா? இந்தப் படி யார் யார் கைவழி வந்தது? இவ்விரு வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே, ஏடுகள் நிறைவாக உள்ளனவா, கட்டமைப்பு எந்நிலையில் உள்ளது என்னும் வினாக்கள் வரவேண்டும். வெறும் வயது மதிப்பாகாது. பல்லாயிரம் படிகள் அச்சான பழைய நூலைவிட, ஒரே படியாக எஞ்சிய சிறு பிரசுரம் அரியதாகும்.

1578ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறே பக்கங்கள் கொண்ட கிறித்தவச் சமயச் சிறுநூல். தமிழ் அச்சு வரலாற்றின் தலைவாயிலாகிய அந்நூலைக் காண இன்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தை நாடவேண்டியுள்ளது. நாகூரைச் சேர்ந்த முகம்மது அப்துல் காதிறுப் புலவரின் ‘முனாஜாத்துத் திரட்டு’ 1872இல் சிங்கப்பூரில் அச்சாயிற்று. இறைஞ்சுதற் பாடல்களைக் கொண்ட அந்நூல், கிடைத்துள்ள சிங்கப்பூர்த் தமிழ் நூல்களுள் மிகப் பழையதாகக் கருதப்பெறுகின்றது. பக்திக்காக ஓதப்பட்ட நூலொன்று, ஒரு நாட்டின் தமிழ் வரலாற்றுக்கே சான்றாக உயர்ந்து நிற்கின்றது.

நூல் வந்த வழியின் சிறப்பை உணர்த்த மற்றொரு நிகழ்ச்சி போதும். சீகன்பால்கு மொழிபெயர்த்து 1715இல் தரங்கம்பாடியில் அச்சான புதிய ஏற்பாட்டின் படியொன்று, தஞ்சை சரசுவதி மகாலிலிருந்து 2005இல் காணாமற் போயிற்று. அது லண்டனில் இருப்பதைக் கண்டறிந்ததாகத் தமிழகக் காவல்துறையின் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு 2022இல் அறிவித்தது. அப்படியில் சரபோஜி மன்னரின் கையொப்பம் இருந்தது. அச்சிட்ட எழுத்து எல்லாப் படிகளுக்கும் பொது. கையால் எழுதிய ஒரு வரியே ஒரு படியை மற்றப் படிகளினின்று பிரித்துக் காட்டுகின்றது.

அக்கடற்கரையூர் நூலுக்கும் அத்தகைய வரிகள் இருந்தன. பின்னட்டையின் உட்புறத்தில் அரபுத் தமிழில் மங்கிய மையால் எழுதிய குறிப்புகளை மௌலவி நண்பர் மெல்ல வாசித்தார். அவை பெரியவரின் வாப்பும்மா எழுதியவை. பிள்ளைகள் பிறந்த நாளும் நேரமும் வரிசையாக இருந்தன. தம் தந்தையாரின் பெயர் வந்தபோது பெரியவர் நூலைத் தம் கையில் வாங்கிக் கொண்டார். பின்னர் அவர் கடலைப் பற்றியும் பேசவில்லை; விலையைப் பற்றியும் பேசவில்லை. எழுத்தறியாதவர் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடும் ஒரு தலைமுறைப் பெண்மணி எழுத்தறிந்திருந்தார் என்பதற்கு அந்த அட்டையே சான்று. அதற்குச் சந்தையில் விலை இல்லை, வரலாற்றில் உண்டு.

செய்யத்தக்கன

சிதைந்த திருமறை ஏடுகளைக் கண்ணியமாக மண்ணில் புதைப்பது நம் மார்க்க அறிஞர்கள் காட்டிய நெறி. அதனை யாம் மறுக்கவில்லை. ஆனால் அந்நெறி அவமதிப்பினின்று காப்பதற்காக ஏற்பட்டதேயன்றி, படிக்கவியலாத யாவற்றையும் கண்ணுக்கு மறைப்பதற்காக ஏற்பட்டதன்று. எந்த நூலும் அதன் முதல் ஏடும், கடைசி ஏடும், அட்டையின் உட்புறமும் அறிந்தவரால் படிக்கப்பெறாமல் மண்ணுக்கோ கடலுக்கோ செல்லலாகாது என்று ஒவ்வொரு மஹல்லாவும் ஒரு விதி வகுத்துக் கொள்ள வேண்டுகிறோம்.

விற்க முனைவோர்க்கும் ஒரு சொல். முதல் ஏட்டில் ‘வக்ஃபு’ என்னும் குறிப்பிருந்தால் அந்நூல் எவருடைய உடைமையும் அன்று. அதற்கு விலை பேசுவதே தகாது. அன்றியும், 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி வரலாற்று, இலக்கிய மதிப்புடைய கையெழுத்துப் பிரதி 75 ஆண்டுகள் கடந்ததாயின் தொல்பொருளாகும். அதனைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே கொண்டுசெல்லுதல் குற்றம்.

மாணவச் செல்வங்களுக்கு எம் வேண்டுகோள் எளியது. விடுமுறையில் ஊர் செல்லும்போது அரபுத் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரு பெரியவரின் அருகில் ஒரு மணிநேரம் அமருங்கள். இல்லத்து நூல்களின் பெயர், ஆண்டு, அச்சகம், கைக்குறிப்புகள் ஆகியவற்றை எழுதி, ஏடுகளை ஒளிப்படம் எடுத்து வாருங்கள். நூல் உரியவர் இல்லத்திலேயே இருக்கட்டும். விவரம் கல்லூரித் தமிழ்த்துறையின் பதிவேட்டில் ஏறட்டும். கிழிந்த ஏட்டை ஒட்டுநாடாவால் ஒட்டாதீர்கள். பசை காலப்போக்கில் எழுத்தையே தின்றுவிடும். ஓரத்தை வெட்டிப் புதிய கட்டமைப்புச் செய்யாதீர்கள். ஓரக்குறிப்புகள் வெட்டுண்டு போகும்.

பேராசிரியர் எம். எம். உவைஸ் போன்றோர் தம் வாழ்நாளையே ஈந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தின் பரப்பை உலகுக்குக் காட்டிச் சென்றனர். அவர்கள் கண்டவை போக, இன்னும் காணாதவை நம் பரண்களில் இராமபாணப் பூச்சிக்கு இரையாகிக் கொண்டிருக்கின்றன. தரகர் வந்து விலை சொல்லும் முன்னர் நாம் சென்று மதிப்பை அறிவோமாக. முன்னோர் ஒப்படைத்த அமானிதத்தைப் பேணும் நல்லுணர்வை வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக! ஆமீன்.