எடுத்த பணமும் இழந்த உதவியும்

பிரிட்டனில் 55 வயதைக் கடந்தோர் தங்கள் தனியார் ஓய்வூதியச் சேமிப்பை விரும்பியபடி எடுக்க 2015 ஏப்ரலில் வழி பிறந்தது. ஆனால் வறியோருக்கு இதில் ஓர் ஆபத்து உண்டு.

அரசு ஓய்வூதிய வயதை எட்டாதவர் எடுக்காமல் விட்டுவைத்த சேமிப்பு, 'யுனிவர்சல் கிரெடிட்' உதவித்தொகையைப் பாதிக்காது. அதையே வங்கியில் போட்டால் கணக்கில் சேரும். கையிருப்பு 6,000 பவுண்டைத் தாண்டினால், கூடுதலாக உள்ள ஒவ்வொரு 250 பவுண்டுக்கும் மாதம் 4.35 பவுண்டு குறையும். 16,000 பவுண்டைத் தாண்டினால் உதவியே நின்றுவிடும்.

கடனை அடைத்தால் குற்றமில்லை. உதவி பெறுவதற்காகவே பிள்ளைகளுக்குக் கொடுத்ததாக அதிகாரிகள் கருதினால், கொடுத்த பணமும் கையிலிருப்பதாகவே கணக்கிடப்படும். மகளுக்கு அள்ளிக் கொடுத்த தாய் வாடகைக்குத் தவிக்க நேரலாம்.

ஏழையைக் காக்க எழுந்த சட்டம், விவரம் அறியாத ஏழையையே தண்டிக்கலாமா? 50 வயதைக் கடந்தோருக்கு அரசின் 'பென்ஷன் வைஸ்' வழிகாட்டுதல் இலவசம். கையெழுத்திடுமுன் கேட்போம், அயலாருக்கும் சொல்வோம்.