பூட்டிய சந்தையை அளந்து என்ன பயன்?

2008 செப்டம்பர் 15 அன்று அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் முதலீட்டு வங்கி திவாலானது. அந்த மாதத் தொடக்கத்தில் 14,000-க்கு மேல் இருந்த மும்பையின் சென்செக்ஸ் பங்குக் குறியீட்டெண், அக்டோபர் 27 அன்று வர்த்தகத்தின் நடுவே 8,000-க்கும் கீழே போனது. அதே வாரங்களில் கராச்சியின் கேஎஸ்இ-100 குறியீட்டெண் 9,100 புள்ளிகளை ஒட்டி அப்படியே நின்றது. இந்த இரண்டு எண் வரிசைகளையும் கணினியில் போட்டு, அவை எவ்வளவு சேர்ந்து அசைகின்றன என்று காட்டும் ஒட்டுறவுக் கெழுவைக் கணக்கிட்டால், அண்டை நாட்டுச் சந்தைகள் இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்றுதான் விடை வரும்.

நடந்தது வேறு. குறியீட்டெண் 9,144-க்குக் கீழே இறங்கக் கூடாது என்று கராச்சி சந்தை நிர்வாகம் ஆகஸ்ட் இறுதியிலேயே தடை போட்டிருந்தது. பங்கை விற்கப் பலர் காத்திருந்தார்கள். அந்த விலைக்கு வாங்கத்தான் ஆள் இல்லை. டிசம்பர் 15-இல் தடை நீங்கியது. ஆண்டு முடிவதற்குள் குறியீட்டெண் 6,000-க்கும் கீழே சரிந்தது. பாகிஸ்தானின் சரிவுக்கு உள்நாட்டுக் காரணங்கள் ஏற்கெனவே இருந்தன. அதில் உலக நெருக்கடியின் பங்கு எவ்வளவு என்று காட்டியிருக்க வேண்டிய விலைகளோ பதிவாகவே இல்லை.

இது பழைய கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 2022 ஜூலையில் வங்கதேசம் ஒவ்வொரு பங்குக்கும் குறைந்தபட்ச விலை நிர்ணயித்தது. பெரும்பாலான பங்குகளுக்கு அது 2024 ஜனவரியில்தான் விலகியது. இலங்கை, வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தர இயலாது என்று அறிவித்த 2022 ஏப்ரலில் கொழும்புச் சந்தையை ஒரு வாரம் மூடியது. திறந்த அன்றே விலைகள் சரிந்து வர்த்தகம் நிறுத்தப்பட்டது.

இப்படிப்பட்ட நாட்களின் எண்களையும் சேர்த்துக்கொண்டு, ‘தெற்காசியச் சந்தைகள் ஒன்றோடொன்று இணையாதவை, ஆகவே பணத்தைப் பிரித்துப் போட ஏற்றவை’ என்ற முடிவுக்கு வருவது ஆபத்து. விற்க முடியாத பங்கின் விலை ஆடாமல் இருப்பதைப் பாதுகாப்பு என்று நம்பிச் சேமிப்பைப் போடுகிறவர், பணம் அவசரமாகத் தேவைப்படும் நாளில்தான் கதவு சாத்தியிருப்பதைப் பார்ப்பார்.

இதே கெழு எதிர்த்திசையிலும் ஏமாற்றும். விலைகள் கடுமையாக ஏறி இறங்கும்போது, சந்தைகளுக்கிடையே புதிய பிணைப்பு எதுவும் உருவாகாமலேயே அது உயர்ந்துவிடும் என்று பொருளியலாளர்கள் கிறிஸ்டின் ஃபோர்ப்ஸும் ராபர்ட்டோ ரிகோபானும் 2002-லேயே நிறுவிவிட்டார்கள். ஆக, நெருக்கடியில் திறந்திருக்கும் சந்தையின் பிணைப்பு மிகையாகத் தெரிகிறது. பூட்டிய சந்தையின் பிணைப்பு மறைந்துபோகிறது. இந்த ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு எந்த நாடும் கொள்கை வகுக்கக் கூடாது.

இணைவை அளக்க வேண்டுமானால் பணம் எல்லையைத் தாண்ட முடிகிறதா என்று பார்க்க வேண்டும்: பங்குகளில் எவ்வளவு அண்டை நாட்டார் கையில் இருக்கிறது, விற்ற பணத்தை எத்தனை நாளில் எடுத்துச் செல்லலாம், எத்தனை பங்குகள் ஒரு நாளில் கைமாறவே இல்லை. இந்த விவரங்களைக் குறியீட்டெண்ணோடு சேர்த்தே வெளியிடும்படி தெற்காசிய ஒழுங்குமுறை அமைப்புகள் தங்கள் சந்தைகளுக்கு உத்தரவிட வேண்டும். விலைத் தடை அமலில் உள்ள ஒவ்வொரு நாளும், விலைப் பட்டியலில் தடைக்குட்பட்ட பங்கின் எதிரே அது சந்தை நிர்ணயித்த விலை அல்ல என்று அச்சிட்டாக வேண்டும். அடுத்த நெருக்கடி வரும்வரை இதைத் தள்ளிப்போட முடியாது.