பைக் ஏற சரிவு இருக்கு, பாட்டி ஏற என்ன இருக்கு?

கொஞ்சம் நீளமான இழை. வீட்டில் அறுபது தாண்டினவங்க இருந்தா முழுசா படிங்க. புதுசா வீடு கட்டப் போறீங்கன்னா கட்டாயம் படிங்க. மேஸ்திரிக்கும் அனுப்புங்க.

செவிலிமேட்டில் எந்தத் தெருவில் வேணும்னாலும் நடந்து பாருங்க. பட்டுத்தறி ஓடிய பழைய ஓட்டு வீடுகளை இடிச்சிட்டு மாடி வீடு கட்டியிருக்காங்க. நல்லதுதான், மழைக்கு ஒழுகாது. ஆனா வாசலைப் பாருங்க. பைக்கை உள்ளே ஏத்த சிமெண்ட் சரிவு இருக்கும். பக்கத்தில் மனுஷங்க ஏற ரெண்டு படி, ஒவ்வொண்ணும் ஒன்பது இஞ்ச், பத்து இஞ்ச். பிடிச்சுக்க ஒரு கம்பி கிடையாது. ஒரு லட்ச ரூபாய் வண்டிக்கு யோசிச்ச அளவுகூட, அந்த மனையை வாங்க நாற்பது வருஷம் தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்த தாத்தாவோட முட்டிக்கு யாரும் யோசிக்கலை.

"வயசாயிடுச்சு சார், வழுக்கி விழுந்துட்டாங்க." கேஷுவாலிட்டியில் இதை வாரம் தவறாம கேட்கிறேன். எனக்கு இந்த வாக்கியத்தோடதான் சண்டை. வயசு எல்லாருக்கும் ஆகுது. ஆனா விழுறது ஒரு குறிப்பிட்ட இடத்தில், ஒரு குறிப்பிட்ட நேரத்தில் நடக்குது. "எங்க விழுந்தாங்க?"னு கேட்டுப் பாருங்க. பாத்ரூம் வாசல், கொல்லைப்பக்கப் படி, தெருவாசல் முதல் படி. "எப்போ?"ன்னா ராத்திரி ரெண்டு மணி, மூணு மணி. திரும்பத் திரும்ப அதே இடம், அதே நேரம். அப்புறம் எப்படி இதை விதின்னு எழுதறது?

அந்த ரெண்டு மணிக்கு என்ன நடக்குதுன்னு சொல்றேன். அம்மாவுக்கு சுகர். பாதத்தில் உணர்ச்சி குறைவு, தரை ஈரமா இருக்கான்னு கால் சொல்லாது. ஒரு கண்ணில் புரை. பிரஷருக்கு நீர் போகிற மாத்திரை, அதனால ராத்திரி எழுந்தே ஆகணும். படுக்கையிலிருந்து சட்டுனு எழுந்தா ரத்த அழுத்தம் இறங்கி ஒரு கிறக்கம் வரும். ஸ்விட்ச் கதவுக்குப் பக்கத்தில், கட்டில் எதிர்மூலையில். பக்கத்தில் தூங்கற பேரன் முழிச்சுக்கக் கூடாதுன்னு லைட் போடாம சுவரைத் தடவிப் போறாங்க. பாத்ரூம் தரை நாலு இஞ்ச் கீழே. அந்த இறக்கத்தில் ஈரம். பிடிக்கிறதுக்கு இருக்கிறது டவல் மாட்டற ராடு, இல்லேன்னா குழாய். ரெண்டும் ஆள் எடை தாங்காது.

இதில் வியாதிக்கு நான் மாத்திரை எழுதலாம், கண்ணுக்கு ஆபரேஷனுக்கு அனுப்பலாம். அந்த நாலு இஞ்ச் இறக்கத்துக்கு எந்த மாத்திரை எழுதறது?

இன்னொண்ணு. நம்ம பாத்ரூம் கதவெல்லாம் உள்பக்கமா திறக்கும். உள்ளே விழுந்தவங்க உடம்பே கதவை அடைச்சுக்கும். வெளியில் இருந்து தள்ளினா காயம் அதிகமாகும். கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாட்ட அதே கீல்தான், அதே ஆசாரிதான், அதே கூலிதான்.

விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சா என்ன ஆகும்னு பல குடும்பங்களுக்குத் தெரியறதில்லை. "எலும்புதானே, ஒட்டிக்கும்"னு கட்டு கட்டிட்டு மூணு வாரம் கழிச்சு கூட்டிட்டு வர்றாங்க. அதுக்குள்ள படுக்கைப் புண், நெஞ்சில் சளி, காலில் ரத்தக்கட்டி. இடுப்பு முறிவு வந்த முதியவங்களில் ஐந்தில் ஒருத்தருக்கு மேல ஒரு வருஷத்துக்குள்ள இறந்துபோறாங்கன்னு பல நாட்டு ஆய்வுகள் சொல்லுது. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி உலகம் முழுக்க வருஷத்துக்கு சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து சாகறாங்க, அதில் அறுபது தாண்டினவங்கதான் அதிகம்.

விழாதவங்க கதையும் கேளுங்க, அது இன்னும் மோசம். பாத்ரூம் போக பயந்து தண்ணி குடிக்கிறதை நிறுத்திடறாங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல ஒரு சொட்டு கிடையாது. அப்புறம் நீர்க்கடுப்பு, மலச்சிக்கல், சோடியம் உப்பு குளறுபடி, திடீர்னு ஒரு நாள் சம்பந்தமில்லாம பேசறாங்க. "அம்மாவுக்கு மறதி வந்துடுச்சு டாக்டர்"னு மகன் கூட்டிட்டு வர்றார். பல நேரம் மூளையில் ஒண்ணும் இல்லை, சிறுநீரில் கிருமி. அதுக்குப் பின்னாடி ஒரு வழவழ டைல்ஸ்.

டைல்ஸுக்கு வருவோம். தறி வித்தாச்சு, பையன் ஒரகடம் கம்பெனிக்குப் போறான், குழியை மூடி மேலே கண்ணாடி மாதிரி டைல்ஸ் போட்டாச்சு. விருந்தாளி வந்தா முகம் தெரியற அளவு பளபளப்பு. ஈரக்காலுக்கு அது ஐஸ். படிக்கட்டுக்கு கருப்பு கிரானைட், படியோட ஓரமும் கருப்பு, அடுத்த படியும் கருப்பு. புரை விழுந்த கண்ணுக்கு அது படியே இல்லை, ஒரே சறுக்கு. ஓரத்தில் ஒரு மஞ்சள் பட்டை ஒட்டச் சொன்னா "எலிவேஷன் அழகு போயிடும் சார்"ங்கறாங்க. போகட்டும்!

வரதராஜப் பெருமாளைச் சேவிக்க 24 படி ஏறணும். அது எத்தனையோ நூறு வருஷம் முன்னாடி கட்டினது, விட்டுடலாம். போன வருஷம் கட்டின உங்க வீட்டுக்கு என்ன சாக்கு? தேசியக் கட்டட விதித் தொகுப்பு (2016) குடியிருப்புக்குப் படி உயரம் 190 மி.மீ. தாண்டக் கூடாதுங்குது. அதாவது ஏழரை இஞ்ச். நான் சொல்ற ஒன்பது, பத்து இஞ்ச் படியெல்லாம் விதிப்படியே தப்பு.

வீட்டுக்காரங்களை மட்டும் திட்டினா நியாயம் இல்லை. தெருவுக்கு ரோடு போடறப்போ பழைய தாரைச் சுரண்டாம மேலேயே போட்டா ரோடு உயரும், வீடு பள்ளமாகும். அடுத்த மழைக்குத் தண்ணி உள்ளே வரும். அதுக்குப் பயந்துதான் அடுத்தவர் தரையை மூணடி தூக்கிக் கட்டறார். சுரண்டிட்டுத்தான் போடணும்னு 2021லயே தலைமைச் செயலாளரா இருந்த இறையன்பு எழுத்து மூலமா உத்தரவு போட்டார். காஞ்சிபுரம் மாநகராட்சி ஆனதும் அதே 2021ல்தான். உங்க தெருவில் அடுத்த முறை ரோடு போட வர்றப்போ சுரண்டற மெஷின் வந்துச்சான்னு பாருங்க. வரலைன்னா அந்த உத்தரவைக் காட்டிக் கேளுங்க.

திண்ணை பத்திப் பேசாம முடியாது. திண்ணையை நினைச்சு உருகறதுக்கு நான் வரலை. அதில் யாரை உட்கார விட்டாங்க, யாரைத் தெருவிலேயே நிக்க வெச்சாங்கங்கற கதை நமக்குத் தெரியும். மருத்துவக் காரணத்துக்காகச் சொல்றேன். திண்ணை முட்டி உயரம். தரையிலிருந்து எழ முடியாதவங்களும் அதிலிருந்து எழுந்துடுவாங்க. காலையில் வெயில் படும். தெருவில் பாவு போடறப்போ பெரியவங்களுக்கு அங்க ஒரு வேலை இருந்தது. இழை பார்ப்பாங்க, பாட்டி திண்ணையில் ராட்டையோட உட்கார்ந்து தார் சுத்துவாங்க, போறவங்களோட நாலு வார்த்தை பேசுவாங்க. இப்ப அந்த இடத்தில் பைக் சரிவும் இரும்பு கேட்டும். பாட்டி உள் ரூமில், ஜன்னல் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்து. "தூக்கம் வரலை, பசிக்கலை, உடம்பெல்லாம் வலி"ன்னு ஓபிக்கு வர்றவங்ககிட்ட "நேத்து யார்கிட்ட பேசினீங்க?"னு கேட்டா யோசிக்கறாங்க. இது மனச்சோர்வு. சத்து ஊசி கேக்கறாங்க. அதுக்கு ஊசி கிடையாது.

அரசு கட்டறதும் இதே லட்சணம்தான். வேகவதிக் கரையில் இருந்த குடும்பங்களை கீழ்க்கதிர்ப்பூர் அடுக்குமாடிக்கு மாத்தினாங்க. வெள்ளத்திலிருந்து காங்கிரீட் வீட்டுக்குப் போறது நல்லதுதான், மறுக்கலை. ஆனா மூணாவது மாடியில் வீடு விழுந்த எழுபது வயசுப் பாட்டி மாசத்துக்கு எத்தனை தடவை இறங்குவாங்க? ரேஷனுக்கு, பென்ஷனுக்கு, மாத்திரைக்கு. பஸ் கதை அதைவிட. 2021 மே மாசத்திலிருந்து நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம். அருமையான திட்டம். ஆனா முதல் படி முட்டி உயரத்தில் இருந்தா இலவச டிக்கெட்டை வெச்சுக்கிட்டு கீழே நின்னு பார்க்கலாம். சென்னைக்கு 2024ல் தாழ்தளப் பேருந்து வந்தாச்சு. நம்ம ஊருக்கு எப்போ?

"ஏழை ஊருக்கு இதெல்லாம் ஆடம்பரம் டாக்டர்"னு ஒருத்தர் போன தடவை கமெண்ட் போட்டார். ஆடம்பரம் எதுன்னு பாருங்க. இடுப்பு ஆபரேஷனுக்கு முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் அரசு ஆயிரக்கணக்கில் செலவு பண்ணுது. சுவரில் போல்ட் போட்டு மாட்டற ஸ்டீல் பிடிகம்பி சில நூறு ரூபாய். வீட்டில் விழ வைக்கிற விஷயங்களைச் சரி பண்ணினா விழுறது சுமார் 26 சதவீதம் குறையுதுன்னும், ஏற்கெனவே விழும் ஆபத்தில் இருக்கறவங்களுக்கு 38 சதவீதம் குறையுதுன்னும் 2023ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்லுது. சிங்கப்பூர் 2012லிருந்து ஈஸ்ங்கற திட்டத்தில் அரசு அடுக்குமாடி வீடுகளில் பிடிகம்பி, வழுக்காத தரை, சரிவுப்பாதை எல்லாம் பெரும் மானியத்தோட போட்டுத் தருது. அங்க பணம் இருக்கு, சரி. நம்மகிட்ட வேற ஒண்ணு இருக்கு. மக்களைத் தேடி மருத்துவத்தில் 2021லிருந்து பணியாளர்கள் வீட்டுக்கே போய் பிரஷர் பார்க்கறாங்க, பிசியோதெரபி கொடுக்கறாங்க. அந்த வீட்டு பாத்ரூமை ரெண்டு நிமிஷம் எட்டிப் பார்த்து எழுதிட்டு வரச் சொன்னா போதும், எந்த வீட்டுக்குக் கம்பி வேணும்னு வார்டு வாரியா பட்டியல் கைக்கு வந்துடும்.

2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரை மனையில் 3,500 சதுர அடி வரைக்கும் சுயசான்று கொடுத்தே உடனடி அனுமதி வாங்கலாம். அந்தச் சுயசான்றில் படி உயரம், கீழ்தளத்தில் ஒரு படுக்கையறையும் பாத்ரூமும், பிடிகம்பி மாட்டத் தாங்கற சுவர், இதுக்கு மூணு வரி சேர்க்க எவ்வளவு செலவாகும்? பொதுக் கட்டடங்களுக்கு அணுகல் விதிகள் கட்டாயமா இருக்கணும்னு உச்ச நீதிமன்றமே 2024 நவம்பர் 8ல் சொல்லிடுச்சு. தமிழ்நாட்டில் அறுபது தாண்டினவங்க 2021ல் நூத்துக்கு 13.6 பேர், 2031ல் 18.2 ஆகும்னு மத்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்பு. அந்தப் பதினெட்டில் உங்க அம்மா அப்பா இருப்பாங்க. சில பேர் நீங்களே இருப்பீங்க.

சரிவு போட இடம் இல்லைம்பீங்க. உண்மைதான். ஒண்ணுக்குப் பன்னிரண்டு கணக்கில் ஒன்றரை அடி ஏற பதினெட்டு அடி நீளம் வேணும், நம்ம தெருவில் முடியாது. அப்போ அந்த ஒன்றரை அடியை ரெண்டு படியா பிரிக்காம ஆறு இஞ்சா மூணு படி போடுங்க, ரெண்டு பக்கமும் கம்பி வைங்க.

வாடகை வீடா? கட்டில்லேருந்து கை எட்டற தூரத்தில் ஒரு ராத்திரி விளக்கு. பாத்ரூமில் ஒரு கமோட் ஸ்டூல். தரையில் கிடக்கிற சாக்குப்பை, நழுவற மிதியடி, ஓடற ஒயர், எல்லாத்தையும் எடுங்க. வெற்றிடத்தில் ஒட்டற பிளாஸ்டிக் கைப்பிடி வாங்காதீங்க, அது டைல்ஸோட சேர்ந்து கையில் வரும். தறி இன்னும் ஓடுதுன்னா வேலை முடிஞ்சதும் குழி மேல பலகை போடுங்க.

இப்ப டேப் எடுத்து உங்க வீட்டு வாசல் முதல் படியை அளங்க. எத்தனை இஞ்ச்னு வார்டு பேரோட கீழே போடுங்க. நூறு பதில் சேர்ந்ததும் மாநகராட்சி ஆணையருக்கு நான் மனுவா எழுதிக் கொடுக்கறேன்.