காய்ச்சல் விட்டாச்சு, ஊருக்குக் கிளம்பலாமா?

போன வருஷம் தீபாவளிக்கு ரெண்டு நாள் முன்னாடி, சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் என் ரூம்மேட்டை மதுரைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். அவனுக்கு ஊர் பரமக்குடி. சனிக்கிழமை வந்த காய்ச்சல் செவ்வாய் காலையில் சுத்தமாக விட்டிருந்தது. "ஊருக்குப் போறோம்னதும் காய்ச்சலே ஓடிப்போச்சு பாரு"ன்னு கிண்டல் வேற பண்ணினேன்.

ஒட்டன்சத்திரம் தாண்டும்போது அவன் நம்பரிலிருந்து போன் வந்தது. பேசியது அவன் இல்லை, பக்கத்து சீட்டுக்காரர். நிற்காத வாந்தி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டான், கை கால் ஜில்லுன்னு இருக்குன்னு சொன்னார். அந்த அண்ணன்தான் திண்டுக்கல்லில் இறங்கி, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். டெங்கு. பலகாரம் சுட்டுக்கொண்டிருந்த அவங்க அம்மா அடுப்பை அப்படியே விட்டுட்டு ஓடி வந்தாங்க.

டெங்குவில் நாலு நாள் காய்ச்சல் அடிக்கும், விட்டால் முடிந்ததுன்னுதான் நானும் நினைத்திருந்தேன். உண்மை கிட்டத்தட்ட தலைகீழ். மூணாவது நாளிலிருந்து ஏழாவது நாளுக்குள், காய்ச்சல் இறங்குகிற நேரத்தில்தான் சிலருக்கு ஆபத்தான கட்டம் ஆரம்பிக்கிறது. ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து வெளியே போகும், ரத்தம் கெட்டியாகும், பிரஷர் இறங்கும். இது ஒன்றிரண்டு நாள் நீடிக்கும். நாம எல்லாரும் பிளேட்லெட் எத்தனைன்னு கேட்டுட்டே இருப்போம், பப்பாளி இலையைத் தேடி ஓடுவோம். ஆனால் பெரும்பாலும் ஆளைச் சாய்ப்பது இந்த நீர்க்கசிவு. அதனால்தான் டாக்டர்கள் பிளேட்லெட்டோடு பி.சி.வி. என்கிற அளவையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். தாங்க முடியாத வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், காரணமில்லாத அசதி: இதில் ஒண்ணு வந்தாலும் நடுராத்திரி ஆனாலும் ஆஸ்பத்திரிதான். "விடியட்டும் பார்க்கலாம்" கூடாது.

சரி, இடையில் இருந்த நாட்களில் நாங்க என்ன பண்ணினோம்? ஞாயிற்றுக்கிழமை மெடிக்கல் ஷாப்பில் "காய்ச்சலுக்கு ஒரு செட் குடுங்கண்ணா"ன்னு கேட்டோம். பெயர் தெரியாத நாலு மாத்திரை, அதில் ஒண்ணு ஆன்டிபயாடிக், ஒண்ணு வலி மாத்திரை. வைரஸுக்கு ஆன்டிபயாடிக் ஒண்ணும் செய்யாது. டெங்கு சந்தேகம் இருக்கும்போது ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரைகள் ரத்தக்கசிவு ஆபத்தை ஏற்றிவிடும். தேவைப்பட்டால் பாராசிட்டமால், அதுவும் அளவோடு. கூடவே கஞ்சி, இளநீர், ஓ.ஆர்.எஸ். என்று நிறைய நீர். இதையெல்லாம் திண்டுக்கல் வார்டு வராண்டாவில் நின்றுகொண்டுதான் தெரிந்துகொண்டேன்.

திங்கட்கிழமை அவன் லேபுக்குப் போனான், 101 டிகிரியோடு. ஏன்னா அட்டெண்டன்ஸ் 76 சதவீதம். ரெண்டு நாள் லீவு போட்டா 75-க்குக் கீழே போயிடும். என் கோபம் எல்லாம் இங்கேதான். நமக்குப் பனிக்காலம் கிடையாது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழை, அப்புறம் மார்கழிக் குளிர், அவ்வளவுதான். அதே மாதங்களில்தான் இன்டர்னல், செமஸ்டர், தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல் எல்லாமே வருது. காய்ச்சல் சீசனும் அதேதான். வருஷா வருஷம் வர்ற விஷயம் இது. அப்படியிருந்தும் நம்ம விதிகளில் காய்ச்சலுக்கு இடமே இல்லை. மெடிக்கல் சர்டிபிகேட் கொண்டுபோனால் ஹெச்.ஓ.டி. ரூமில் நம்மைத் திருடனைப் பார்ப்பது போலப் பார்க்கிறார்கள்.

அவர்களை மட்டும் குத்தம் சொல்லவும் முடியலை. ஃபர்ஸ்ட் டே ஷோவுக்குப் போய்விட்டு டைபாய்டு சர்டிபிகேட் கொடுத்த ஆட்களும் நாமதானே மக்களே. அந்த விலையை நிஜமாகவே காய்ச்சல் வந்தவன் கட்டுகிறான். அதனால்தான் சர்டிபிகேட்டே வேண்டாம் என்கிறேன். செமஸ்டருக்கு மூணு நாள் காய்ச்சல் லீவு, கேள்வி கேட்காமல் கொடுங்கள். கணக்கு எளிது: ஒருத்தன் ஏமாற்றி மூணு நாள் தூங்கினால் மூணு நாள்தான் நஷ்டம். இன்னொருத்தன் ஃப்ளூவோடு அறுபது பேர் கிளாஸில் உட்கார்ந்தால் அந்த வாரமே போச்சு. ஹாஸ்டலில் மூணாவது நாளும் காய்ச்சல் இருந்தால், வார்டனே ரத்தப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். ராத்திரி ஒரு வண்டி தயாராக இருக்கணும். பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கூட்டிட்டுப் போற கொடுமை போதும்.

நம்ம பக்கத்து வேலையும் ஒண்ணு இருக்கு. தண்ணி வராதுன்னு பயந்து பக்கெட்டை நிரப்பி வைத்துவிட்டு ரூமைப் பூட்டிட்டு ஊருக்குப் போறோம். ஏடிஸ் கொசு அதில் முட்டையிட்டால், நம்ம ஊர் வெப்பத்தில் ஏழெட்டு நாளிலிருந்து பத்து நாளுக்குள் புதுக் கொசு. பொங்கல் லீவுக்கு அது சரியாகப் போதும். சும்மா கொட்டினால் பத்தாது, முட்டை பக்கெட் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு காய்ந்துபோயும் மாதக்கணக்கில் தாங்கும். தேய்த்துக் கழுவணும். இந்தக் கொசு கடிப்பது பெரும்பாலும் பகலில். ராத்திரி மட்டும் கொசு பேட்டை வீசிக்கொண்டு திரிகிற நம்ம ஃப்ளோர் வீரர்கள் கவனிக்கவும்.

ரூம்மேட் இப்போ நல்லா இருக்கான். அந்த செமஸ்டரில் அட்டெண்டன்ஸ் குறைந்து, அபராதம் கட்டித்தான் எக்ஸாம் எழுதினான். இந்தப் பொங்கலுக்கு ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸில் டிக்கெட் போட்டிருக்கிறோம். கிளம்புவதற்கு முன்னால் மூணு பக்கெட்டையும் தேய்த்துக் கவிழ்த்து வைப்பது என் வேலைன்னு சொல்லிட்டான். திண்டுக்கல்லில் இறங்கி, அந்த அண்ணனுக்கு ஒரு பை பலகாரம் கொடுத்துவிட்டுப் போவதாகவும் பிளான்.