கடையைப் பூட்டிவிட்டு ஒரு நாள் ஏற்காடு



விடியற்காலையில் கடை திறந்து, இரவு பத்து மணிக்குக் கல்லாவைப் பூட்டி, மறுநாள் சரக்குப் பட்டியலை எழுதி வைத்துவிட்டுப் படுக்கப் போகிறவர்கள் நாம். "ஒரு நாள் கடையை மூடினால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவாரே" என்ற அச்சத்திலேயே நம்மில் பலருடைய காலம் கழிந்துவிடுகிறது. வீட்டில் மனைவி மக்கள் கேட்டால் "அடுத்த மாதம் பார்ப்போம்" என்கிறோம். அந்த அடுத்த மாதம் வருவதேயில்லை.

ஆண்டுக்கு ஒருமுறை சங்கச் சுற்றுலா என்று பேச்செடுத்தால் இரண்டு கட்சி உண்டாகிவிடுகிறது. பெரியவர்கள் கோயில் என்கிறார்கள். பிள்ளைகள் தீம் பார்க் என்கிறார்கள். 1995-ல் தாம்பரம் அருகே கிஷ்கிந்தா தொடங்கப்பட்ட காலத்திலிருந்தே இந்த வழக்கு நம் வீடுகளில் நடந்து வருகிறது. கொங்குப் பகுதியில் மேட்டுப்பாளையம் பிளாக் தண்டருக்குப் போகலாம் என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடிப்பதும் புதிதல்ல.

தீம் பார்க்கை நாம் குறை கூறவில்லை. தண்ணீரில் ஆடும் வயதில் பிள்ளைகள் ஆடத்தான் வேண்டும். ஆனால் அங்கே தலைக்கு இவ்வளவு என்று நுழைவுக் கட்டணம். சறுக்கு மரத்தில் ஏறாத பாட்டிக்கும் கட்டணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் வெளியூரில் உள்ள ஒரு பூங்காவுக்கு நாம் குடும்பங்களோடு போயிருந்தோம். பிள்ளைகள் தண்ணீரில் இருந்தார்கள். பெரியவர்கள் மாலை வரை ஒரு மரத்தடியில் சோற்று மூட்டைக்குக் காவல் இருந்தார்கள். கடைப் பையன்களை நாம் அழைத்துப் போகவே இல்லை. கட்டணத்தைக் கணக்குப் பார்த்தோம், அவ்வளவுதான்.

மறுநாள் கடைக்கு வந்ததும் ஒரு பையன், "முதலாளி, தண்ணி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு நம்மால் நிமிர்ந்து பதில் சொல்ல முடியவில்லை.

அடுத்த ஆண்டு ஏற்காடு போவது, கடையில் வேலை செய்கிற அனைவரையும் குடும்பத்தோடு அழைத்துப் போவது என்று முடிவு செய்தோம். இருபத்திரண்டு ஆண்டுகளாக நம்மிடம் மூட்டை தூக்குகிற ஒருவரும் வந்தார். செவ்வாய்ப்பேட்டையிலும் லீ பஜாரிலும் தலையை நிமிர்த்தினால் தெரிகிற மலைதான் சேர்வராயன் மலை. தினமும் பார்த்த அந்த மலையில் அவர் அன்றைக்குத்தான் முதன்முதலாக ஏறினார். லேடீஸ் சீட்டில் நின்று கீழே சேலத்தைப் பார்த்தவர், "நம்ம கடை எந்தப் பக்கம்?" என்று கேட்டார். அவர் பெண் குழந்தைக்கு அவரே கை நீட்டிக் காட்டினார். அந்த ஒரு காட்சிக்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

எந்த நாளில் போவது?

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். அதிகாலை புறப்பட்டால் இருட்டுவதற்குள் கீழே வந்துவிடலாம். தங்கும் செலவு இல்லை.

மாதத்தின் முதல் பத்து நாள் மளிகைக்குச் சம்பள வியாபாரம். அதை விட்டுவிட்டு மூன்றாவது வாரத்தில் ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். ஞாயிற்றுக்கிழமைதான் முடியும் என்றால், மே மாதக் கோடை விழா ஞாயிறுகளையாவது தவிர்த்துவிடுங்கள். அன்று பார்ப்பது மலையை அல்ல, முன்னால் நிற்கிற வண்டியின் பின்புறத்தைத்தான். கனமழைக் காலமும் வேண்டாம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதை மறக்கக் கூடாது.

ஒரு வாரம் முன்பே "இன்ன தேதியில் கடை விடுமுறை" என்று பலகை எழுதிக் கல்லா அருகில் தொங்கவிடுங்கள். கணக்கு வாடிக்கையாளர்களுக்கு நேரில் சொல்லிவிடுங்கள். சரக்கு லாரி அன்று வராதபடி மண்டிக்குத் தகவல் கொடுங்கள். சொல்லிவிட்டு மூடுகிற கடையை வாடிக்கையாளர் மதிக்கிறார். சொல்லாமல் மூடினால்தான் அடுத்த கடைக்குப் போகிறார்.

வண்டியில் சிக்கனம் வேண்டாம்

இதைச் சற்றுக் கண்டிப்பாகவே சொல்கிறோம். சொந்தச் சரக்கு வண்டி சும்மாதானே நிற்கிறது என்று அதில் ஜமக்காளம் விரித்து ஆட்களை ஏற்றுகிற பழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறது. முதலாளி காரில், பையன்கள் சரக்கு ஆட்டோவில் என்று போகிறவர்களும் உண்டு. இது சட்டப்படி குற்றம். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் கிடைப்பதும் சிக்கலாகிவிடும். சேலம் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. 2024 ஏப்ரல் 30 அன்று ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்கிய தனியார் பேருந்து கவிழ்ந்து உயிர்கள் போயின. வாடகை வேன் எடுங்கள். மலைப்பாதையில் ஓட்டிப் பழகிய ஓட்டுநரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இருக்கைக்கு மேல் ஒருவரைக்கூட ஏற்றாதீர்கள்.

நீங்களே ஓட்டுவதானால் ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிக் கைவிடும். வளைவில் ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிற வண்டிதான் வழிவிட வேண்டும். வளைவுகளில் வாந்தி எடுப்பவர்கள் வெறும் வயிற்றோடும் வேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம். இரண்டு இட்லியோடு ஏறட்டும். மது பாட்டில் இந்தச் சுற்றுலாவுக்கு வேண்டவே வேண்டாம். பெண்களும் குழந்தைகளும் வருகிற இடம் இது.

மலை மேல்

ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 5,000 அடி உயரம். சேலத்தைவிட ஏழெட்டு டிகிரி குறைவாக இருக்கும். முதியோருக்கும் குழந்தைகளுக்கும் சால்வையோ ஸ்வெட்டரோ எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சேர்வராயன் கோயில், பிறகு பகோடா பாயிண்ட், மதியச் சாப்பாட்டுக்குப் பின் அண்ணா பூங்காவும் ஏரியும், மாலையில் லேடீஸ் சீட் என்று வைத்துக்கொண்டால் அலைச்சல் குறையும். கோயிலில் சேர்வராயனும் காவேரியம்மனும் குகைக்குள் இருக்கிறார்கள். தலையைக் குனிந்துதான் போக வேண்டும். படகில் ஏறினால் பாதுகாப்பு உடுப்பை எல்லோரும் அணிய வேண்டும். கிளியூர் அருவிக்கு இறங்குகிற வழி செங்குத்து. முழங்கால் வலிக்காரர்கள் விட்டுவிடலாம். கோடையில் அருவியில் தண்ணீரும் அநேகமாக இருக்காது.

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. கடையில் மஞ்சப்பை கொண்டு வரச் சொல்கிற நாமே மலையில் பிளாஸ்டிக் பையை வீசினால் நம் சொல்லுக்கு என்ன மதிப்பு? குரங்குகளுக்குத் தின்பண்டம் கொடுக்காதீர்கள். கொடுத்துப் பழக்கினால் பிறகு பையையே பிடுங்கும்.

மலையில் விளைகிற காப்பியும் மிளகும் விற்கிறார்கள். "மலை மிளகு" என்ற பெயரை மட்டும் நம்பாமல் நம் தொழில் கண்ணோடு பாருங்கள். தண்ணீரில் போட்டால் நல்ல மிளகு அமிழும். பப்பாளி விதை மிதக்கும். ஆனால் கூடையில் கொய்யா வைத்து விற்கிற மலைவாழ் பெண்ணிடம் ஐந்து ரூபாய்க்கு அரை மணி நேரம் பேரம் பேசாதீர்கள். நம் கடையில் "கறார் விலை" என்று பலகை வைத்திருக்கிறோம் அல்லவா? அவரும் நம்மைப் போல் ஒரு வியாபாரிதான். சாமான் எல்லாவற்றையும் கீழிருந்தே கட்டிக்கொண்டு போகாமல், தேநீரையாவது மேலே உள்ள சிறு கடைகளில் குடியுங்கள்.

செலவுக் கணக்கு

"இவ்வளவு பேரையும் அழைத்துப் போனால் கட்டுபடியாகுமா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1947-ஆம் ஆண்டு தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி வாரம் ஒரு முழு நாள் விடுமுறை ஊழியரின் உரிமை. அதற்காகச் சம்பளம் பிடிக்கக் கூடாது. எனவே அவருடைய வார விடுமுறையை எடுத்துக்கொண்டு சுற்றுலா என்று பெயர் வைத்தால் அது தர்மமாகாது. வேறொரு நாளில், சம்பளத்தோடு அழைத்துப் போங்கள். பழகிய ஆள் ஒருவர் வேலையை விட்டுப் போனால், புது ஆள் எடை பழகி, விலை பழகி, வாடிக்கையாளர் முகம் பழக எத்தனை மாதம் ஆகும், அதுவரை எவ்வளவு நட்டம் என்பது நமக்குத் தெரியாததல்ல. ஒரு வேன் வாடகையும் ஒரு வேளைச் சாப்பாடும் அதற்கு முன் பெரிய தொகையா?

அந்த மூட்டை தூக்குகிறவர் இன்றைக்கும் நம்மிடமே இருக்கிறார். மாலையில் கோணியை உதறிவிட்டு நிமிர்கிறபோது மலையைப் பார்த்து, "மேல மஞ்சு இறங்கிடுச்சு முதலாளி" என்கிறார். உங்கள் கடையிலும் அந்த மலையைக் கீழிருந்தே பார்த்துக்கொண்டிருப்பவர் யார் என்று இன்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அடுத்த சங்கக் கூட்டத்திலேயே தேதியைக் குறித்துவிடுவோம்.